ஓரக் குழிகள்

தாஷ்கந்தின் அந்தப் புற்றுநோய் மருந்து ஆய்வகத்துக்குள் வந்ததும் உதவியாளர் அதோலத் முதலில் செய்வது, கைகழுவிவிட்டுச் செல்களை நலம் விசாரிப்பதுதான். நுரையீரல் புற்றுநோய்ச் செல்கள். யாருடைய மார்பிலிருந்தோ என்றோ எடுக்கப்பட்டுக் குப்பிகளில் இன்னும் பெருகிக்கொண்டிருப்பவை. கொல்லத்தான் வளர்க்கிறோம், அதற்காகப் பட்டினி போடலாமா என்பாள். பிறகு தொண்ணூற்றாறு குழிகள் கொண்ட தட்டை எடுத்து, ஓரக் குழிகளில் வெறும் நீரை நிரப்புவாள். மருந்தும் செல்லும் நடுக் குழிகளுக்கு மட்டுமே. ஓரம் விரைவில் வற்றும். வற்றினால் உப்பு ஏறும். ஏறினால் எந்த மருந்தும் இல்லாமலே செல்கள் மடியும். இருபத்தாறு ஆண்டுகளாக இதுவே அவள் வழக்கம்.

மகளின் பிரசவத்துக்காக அவள் விடுப்பில் போயிருந்தபோது, ஷெர்சோத் என்ற ஆய்வாளன் அந்த வேலையைப் பார்த்தான். மலைச்சரிவில் வளரும் பெருங்காயச் செடியின் வேரிலிருந்து எடுத்த புதிய மருந்தைச் சோதிக்க வேண்டியிருந்தது. தட்டில் இவ்வளவு இடம் வீணாவதா என்று நினைத்த அவன், மருந்திட்ட செல்களை ஓரத்திலும் மருந்திடாதவற்றை நடுவிலும் வைத்தான். நூற்றுக்குத் தொண்ணூறு செல்கள் மடிந்தன. ஆசான் என்ற பொருளில் எல்லோரும் 'தோம்லா' என்றழைக்கும் ஆய்வகத் தலைவர் முசாஃபர் பூரித்துப்போனார். எலிகளில் சோதிக்க அனுமதி கேட்கும் அறிக்கை வெள்ளிக்கிழமை போக இருந்தது.

திங்களன்று திரும்பிய அதோலத், தட்டின் வரைபடத்தைப் பார்த்ததுமே தோம்லாவிடம் போனாள்.

"மழை தானா நின்ன நேரத்துல சேவல் ஒண்ணு கூவுச்சாம், தோம்லா. நான்தான் மழைய நிறுத்தினேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சுதாம். நம்ம மருந்து அந்தச் சேவலா இருந்துறக் கூடாது."

சுற்றி வேலை செய்துகொண்டிருந்தவர்களில் யாரோ சிரித்துவிட்டார்கள். தோம்லாவின் முகம் சிவந்தது.

"பாத்திரம் கழுவற கைக்குக் கணக்கு எதுக்கு, ஓபா? போயி கழுவுங்க."

வயதில் மூத்தவளென்று, அக்கா என்ற பொருளில் எல்லோரும் அழைக்கும் அந்த 'ஓபா' அன்று அவளுக்குக் கசந்தது. ஆனால் அவள் பயம் வேறு. பொய்யான எண்ணோடு அறிக்கை போனால், நாளை வேறெவரோ சோதித்துச் சிரிப்பார்கள். மெய்யாகவே பலன் தரக்கூடிய மருந்தும் அந்தச் சிரிப்போடு குப்பைக்குப் போகும். அன்றே மூன்று தட்டுகளைத் தன் முறைப்படி அமைத்தாள். நான்காவது தட்டின் ஓரங்களில் மருந்தில்லாமல் செல்களை மட்டும் விட்டாள்.

வியாழனன்று எண்ணினாள். மருந்தில்லாத ஓரங்களில் பாதி செத்துக் கிடந்தன. நடுக் குழிகளிலோ மருந்து தன் வேலையைச் செய்திருந்தது: நூற்றுக்கு நாற்பத்தொன்று. மூன்று தட்டிலும் ஏறத்தாழ அதுவே. தொண்ணூறில் பாதிகூட இல்லை. ஆனால் எவர் ஊதினாலும் பறக்காத எண். பெற்ற பிள்ளை முதலடி வைத்ததைப் பார்த்தவள்போல அவள் நெஞ்சு நிமிர்ந்தது. தட்டுகளைத் தோம்லாவின் மேசையில் வைத்துவிட்டு வந்தாள். அவர் நுண்ணோக்கியிலிருந்து நெடுநேரம் தலை தூக்கவில்லை.

மறுநாள் கூட்டத்தில் நீண்ட மேசையின் தலைப்பக்கத்தில், கதவுக்கு மிகத் தொலைவான மரியாதை இடத்தில், வழக்கம்போல் தோம்லா அமர்ந்திருந்தார். கதவோரத்து முக்காலியில் அதோலத். பழைய அறிக்கையை அனுப்பாமல் நிறுத்திவிட்டதாகவும் புதியதில் நாற்பத்தொன்று என்றே இருக்கும், எண்ணியவர் பெயரும் இருக்கும் என்றும் சொல்லிய தோம்லா, எழுந்து மேசையைச் சுற்றி வந்தார்.

"எல்லார் முன்னாடியும் சொன்னேன், எல்லார் முன்னாடியும் கேக்கறேன். என்னை மன்னிச்சிருங்க, ஓபா. அங்க போயி உக்காருங்க."

அவள் மறுக்க, அவர் விடவில்லை. தலைப்பக்க நாற்காலியில் அவள் அமர்ந்த பிறகே முக்காலியில் உட்கார்ந்தார். தாமதமாக வந்த ஒருவர் கதவைத் தள்ள, அது தோம்லாவின் முழங்காலில் இடித்தது. அவர் எழுந்து, முக்காலியைக் கையில் தூக்கிக்கொண்டு வழிவிட்டார்.