கழற்றிப் பார்க்காத ஒன்று

கம்ப்யூட்டர் கோளாறுக்கு டாக்டரிடம் ஒரே ஒரு வைத்தியம்தான். எல்லாவற்றையும் கழற்று, பிறகு ஒவ்வொன்றாக மாட்டு. எதை மாட்டும்போது கோளாறு திரும்பி வருகிறதோ, அதுதான் குற்றவாளி. அவர் படித்தது ரேடியோ மெக்கானிசம். ஆனால் செத்துப்போன பெட்டிகளுக்கு உயிர் கொடுக்கிறார் என்று தெருவே அவரை டாக்டர் என்று கூப்பிட ஆரம்பித்து, இப்போது அவரே போனை எடுத்தால் 'டாக்டர் பேசறேன்' என்கிறார். மறுமுனையில் சிலர் பயந்துபோய் வைத்துவிடுவதும் உண்டு.

கீழே கடை, மேலே வீடு. கடையில் பெட்டிகளைத் திறப்பது அவர் வேலை. போனை எடுப்பது அவர் மனைவியின் வேலை. தெருவுக்கு அவள் போன் அக்கா. உண்மையைச் சொன்னால், அந்தக் கடையில் பாதி ரிப்பேரைச் செய்தது அவள்தான், அதுவும் ஸ்குரூ டிரைவரைத் தொடாமல்.

யாராவது போன் செய்து கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை என்பார்கள். டாக்டர் எடுத்திருந்தால் அவர்கள் வாய் மூடுவதற்குள், "மதர்போர்டு போயிருக்கும், எடுத்துட்டு வாங்க" என்று தீர்ப்புச் சொல்லியிருப்பார். அக்கா அப்படியில்லை. "ம், சொல்லுங்க" என்று காதைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிடுவாள். அவர்கள் மாமியார் வந்த கதை, அலமாரியை நகர்த்திய கதை எல்லாம் சொல்லி முடிப்பார்கள். கடைசியில் அவள் ஒரே ஒரு கேள்வி கேட்பாள்: "அலமாரியை நகர்த்தினீங்களே, அதுக்குப் பின்னாடி இருக்கிற பிளக் சரியா இருக்கா பாருங்க." மறுமுனையில் ஒரு வெட்கச் சிரிப்பு கேட்கும். வேலை முடிந்தது.

"ஏன் இவ்வளவு நேரம் கதை கேக்கறே?" என்று டாக்டர் எரிச்சல்படுவார்.

"முழுசா சொல்ல விடுங்க. பாதி ரிப்பேர் அதுலயே தெரிஞ்சுடும்" என்பாள்.

அப்படிப்பட்டவள் ஒரு காலையில் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தாள். 'ஹலோ' வரவில்லை. டாக்டர் திரும்பிப் பார்த்தபோது வலது கை தொங்கிக்கொண்டிருந்தது, உதடு ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். நடை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. பேச்சு மட்டும் வரவில்லை. "அவங்களுக்கு எல்லாமே புரியும். வார்த்தை உள்ளேதான் இருக்கு, வெளியே வர்ற வழிதான் அடைபட்டிருக்கு. முதல் சில மாசத்துல பயிற்சி கொடுத்தா நல்லா திரும்பும். விட்டுட்டா கஷ்டம்" என்று நிஜ டாக்டர் சொன்னார்.

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற ஆள் பக்கத்தில் எங்கும் கிடையாது. தேடிப் பிடித்ததில் ஒரு டீச்சர் கிடைத்தார், வீடியோவில் மட்டும், செவ்வாயும் வெள்ளியும். வீடியோ என்றதும் டாக்டருக்குத் தெம்பு வந்துவிட்டது. அது அவர் ஊர், அவர் மண் மாதிரி. கடையிலேயே நல்ல கம்ப்யூட்டராகப் பார்த்து மாடி அறைக்கு ஏற்றினார். வைஃபையை நம்பாமல் கேபிள் இழுத்தார். அவளால் குனிந்து பட்டனை அழுத்த முடியாதே என்று, கரண்ட் வந்தால் பெட்டி தானாகவே ஆன் ஆகும்படி செட்டிங்கை மாற்றினார். மேஜைக்கு அடியில் சுவிட்ச் உள்ள எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வைத்து எல்லா வயரையும் அழகாகக் கட்டினார். பிறகு அவள் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுத் தானும் உட்கார்ந்துகொண்டார்.

இவ்வளவு செய்தும் ஒவ்வொரு வகுப்பும் பாதியில் செத்தது.

டீச்சர் படம் காட்டுவார், அக்கா உதட்டைக் குவிப்பாள், டாக்டர் சொல்லிக் கொடுப்பார், எல்லாம் நன்றாகத்தான் போகும். திடீரென்று திரை கறுத்துவிடும். கொஞ்ச நேரத்தில் பெட்டி தானாகவே உயிர் பெற்று எழும். மறுபடியும் வகுப்புக்குள் போனால் டீச்சரின் நேரம் முடிந்திருக்கும்.

முதலில் அவர் இன்டர்நெட் கம்பெனிக்காரனைத்தான் திட்டினார், பழக்க தோஷம். உதவி எண்ணில் ஒரு பெண், "ரூட்டரை ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்" என்றாள். ஊருக்கெல்லாம் அதைச் சொல்லிச் சோறு சாப்பிட்டவரிடமே சொன்னால் எப்படி இருக்கும்? "நான் யாருன்னு தெரியுமா?" என்று கத்தினார். "தெரியும் சார், வாடிக்கையாளர்" என்றாள் அவள், பணிவாக.

ஆற அமர யோசித்தபோது அவருக்கே புரிந்தது. இணைப்புக் கோளாறு என்றால் படம்தான் உறையும், பெட்டி அணையாது. ஆக, இது கரண்ட் சமாச்சாரம். பவர் சப்ளையை மாற்றினார். ரேமைக் கழற்றி, அதன் பித்தளை நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்துப் பளபளவென்று ஆக்கி மாட்டினார். சூடாகி அணைகிறதோ என்று விசிறியில் படிந்திருந்த தூசியை ஊதித் தள்ளி, தும்மித் தீர்த்தார். பவர் வயரை மாற்றினார். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் லூஸ் கான்டாக்டாக இருக்கலாம் என்று அதையும் தூக்கிப் போட்டுவிட்டு, சிவப்பு விளக்கு எரிகிற சுவிட்ச் வைத்த புதுசு ஒன்றை வைத்தார். அடுத்த செவ்வாய்க்கிழமை, அக்கா 'ப' என்று ஆரம்பித்து அவர் 'பந்து' என்று எடுத்துக்கொடுத்த கையோடு, திரை கறுத்தது.

அன்றைக்கு டீச்சர் போனில் கூப்பிட்டார்.

"சார், தப்பா நினைச்சுக்காதீங்க. வெள்ளிக்கிழமையும் இப்படி பாதியில போச்சுன்னா, இந்த நேரத்தை வேற ஒருத்தருக்குக் கொடுக்க வேண்டியிருக்கும். வரிசையில நிறையப் பேர் காத்துட்டிருக்காங்க. நேர்ல கூட்டிட்டு வர முடியுமா?"

நேரில் என்றால் ஒரு நாள் பயணம். மாடிப்படி இறங்குவதற்குள்ளேயே அவளுக்குப் பாதி உயிர் போய்விடும். "இல்லைங்க, சரி பண்ணிடறேன்" என்றார் டாக்டர்.

"இன்னொண்ணு சார். அவங்களே சொல்லட்டும், நீங்க கொஞ்சம்…"

"சரி சரி, தெரியும்ங்க" என்று டீச்சர் முடிப்பதற்குள் வைத்துவிட்டார்.

திரும்பினால் அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இடது கையைத் தூக்கி அறைக் கதவைக் காட்டினாள். வகுப்பு நேரத்திலும் இப்படிக் காட்டுவாள்.

"சத்தம் வருதா? இரு, சாத்திடறேன்" என்று டாக்டர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். களைப்பு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை முழுக்க அந்தப் பெட்டியை வீடியோ ஓடவிட்டுச் சோதித்தார். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு காத்திருந்தும் ஒரு தடவைகூட அது அணையவில்லை. இவருக்குத் தலையைப் பிய்த்துக்கொள்ளலாம் போல இருந்தது. தன்னைப் பழிவாங்குவதற்கென்றே ஒரு இயந்திரம் வகுப்பு நேரம் பார்த்துச் சாகிறது என்று யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள்.

வெள்ளிக்கிழமை வகுப்பு ஆரம்பித்து டீச்சர் வணக்கம் சொன்னதுதான் தாமதம், கீழே கடை மணி அடித்தது. ஒரு அம்மாள் பிரிண்டரை இடுப்பில் தூக்கிக்கொண்டு நின்றாள். பேப்பர் சிக்கிக்கொண்டதில் ஆரம்பித்து, அதை இழுத்த கதை, இழுத்தவனைத் திட்டிய கதை என்று விடாமல் பேசினாள். டாக்டரின் காது மாடியிலேயே இருந்தது. இந்நேரம் அணைந்திருக்கும், இந்நேரம் எல்லாம் போயிருக்கும். ஒருவழியாக அந்த அம்மாளை அனுப்பிவிட்டு இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினார்.

அறைக் கதவு லேசாகத் திறந்திருந்தது. உள்ளே டீச்சரின் குரல் கேட்டது. பெட்டி அணையவில்லை.

"இது என்னங்க?"

பதில் இல்லை. டாக்டருக்குத் திரை தெரிந்தது, சாவியின் படம். நாக்கு நுனியில் 'சாவி' துடித்தது. டீச்சர் வாயைத் திறக்கவில்லை, வெறுமனே காத்திருந்தார். இப்படியுமா ஒருவர் சும்மா இருப்பார் என்று இவருக்குத் தவிப்பாக இருந்தது.

"சா…" என்றாள் அக்கா. மறுபடியும் மௌனம். தெருவில் ஒரு வண்டி போய் மறைந்தது. "சா…வி."

"அருமை. சாவி எதுக்குங்க?"

இன்னும் நீளமான மௌனம். "க…தவு."

டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வாரத்தில் அவள் வாயிலிருந்து இரண்டு முழு வார்த்தையை அவர் கேட்டதே இல்லை. பெட்டி சரியாகிவிட்டது, அவளும் சரியாகிக்கொண்டிருக்கிறாள்! சந்தோஷத்தில் உள்ளே போய், கதவை நன்றாகச் சாத்திவிட்டு, தன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

டீச்சர் அடுத்த படத்தைக் காட்டினார்.

"கு…" என்றாள் அக்கா.

"குடை! சொல்லும்மா, கு-டை!" என்றார் டாக்டர்.

திரை கறுத்தது.

இந்தத் தடவை அவர் ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. அப்படியே மேஜைக்கு அடியில் குனிந்தார். கையும் களவுமாக என்பார்கள், இங்கே காலும் களவுமாக. எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் சிவப்பு விளக்கு அணைந்திருந்தது. சுவிட்சின் மேல் அவளுடைய இடது கால் கட்டைவிரல் இருந்தது. அவள் காலை இழுத்துக்கொள்ளவில்லை. அவர் பார்க்கப் பார்க்கவே, நிதானமாக, இன்னொரு தடவை அழுத்தினாள். விளக்கு எரிந்தது. மேலே பெட்டி உறுமிக்கொண்டு எழுந்தது.

இத்தனை நாளும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவருக்கு அந்த 'டிக்' சத்தம் எப்படிக் கேட்காமல் போனது? கேட்டிருக்காது. அந்த நேரத்தில் அவர் பேசிக்கொண்டிருந்தார்.

"நீயா? ஏன் இப்படிப் பண்றே? பேச்சு வர வேண்டாமா உனக்கு? கால் வலிக்குதா? டீச்சரைப் பிடிக்கலையா? வெட்கமா இருக்கா? போதும்னு இருக்கா?" கேள்வியும் அவரே பதிலும் அவரே என்று படபடவென்று கொட்டினார்.

அக்கா இடது கையைத் தூக்கி அறைக் கதவைக் காட்டினாள்.

சாத்துவதற்காக அவர் எழுந்தார். கதவு ஏற்கெனவே சாத்தித்தான் இருந்தது. கை நீட்டியபடி அப்படியே நின்றுவிட்டார். அவள் கை இறங்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக டாக்டருக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அதனால் சும்மா நின்றார்.

அவள் உதடு குவிந்தது. திறந்தது. மறுபடி குவிந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டார்.

"மு…ழு…" என்றாள். மூச்சு வாங்கினாள். "முழு…சா."

அவருக்குச் சுருக்கென்றது. பவர் சப்ளையைக் கழற்றினார், ரேமைக் கழற்றினார், வயரைக் கழற்றினார். அந்த அறையில் அவர் கழற்றிப் பார்க்காத சாமான் ஒன்றே ஒன்றுதான். கடை மணி அதைக் கழற்றிக் கீழே கொண்டுபோனபோது எல்லாம் ஓடியது. திரும்ப மாட்டியதும் நின்றுவிட்டது. வேறொருவர் பெட்டியாக இருந்திருந்தால் அரை நிமிஷத்தில் கண்டுபிடித்திருப்பார்.

உதவி செய்கிறோம் என்றுதான் அவர் நினைத்திருந்தார். இப்போது யோசித்தால் அது முழு உண்மையில்லை. ஊரையே பேசவிட்டுக் கேட்டவள் ஒரு வார்த்தைக்காக அப்படித் திணறுவதைப் பார்க்க அவருக்குப் பயமாக இருந்தது. அந்த மௌனத்தைத் தாங்கும் தெம்பு அவளுக்கு இருந்தது, அவருக்கு இல்லை. அதனால்தான் முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்கொண்டு, அவள் வாய்வரை கொண்டுவந்த ஒவ்வொரு வார்த்தையையும் பிடுங்கிப் பிடுங்கித் தானே சொல்லியிருந்தார். வேண்டாம் என்று சொல்ல அவளிடம் வார்த்தை ஏது? கால் கட்டைவிரல்தான் இருந்தது. அவளுக்காகவும் தனக்காகவும் அவருக்கு அழுகை வந்தது.

பெட்டி எழுந்து முடித்திருந்தது. மறுபடியும் இணைத்தார். டீச்சர் திரையில் வந்தார், முகத்தில் அலுப்பு.

"என்ன சார், இன்னிக்கும் அதேதானா? என்ன கோளாறுன்னு கண்டுபிடிச்சீங்களா இல்லையா?"

பவர் சப்ளை, லூஸ் கான்டாக்ட், ஏதாவது ஒரு பொய் அவர் வாய்வரை வந்துவிட்டது. உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு மனைவியைப் பார்த்தார். டீச்சரும் அதைக் கவனித்துவிட்டு அக்காவைப் பார்த்தார். பெட்டியின் விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. அவ்வளவு நீளமான மௌனத்தை டாக்டர் அதற்கு முன் தாண்டியதில்லை.

"இ…" என்றாள் அக்கா. நிறுத்தினாள். இடது கை மெதுவாக உயர்ந்து அவர் பக்கம் திரும்பியது. "இ…வரு."

டீச்சருக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அக்காவின் முகத்தில் அசைகிற பக்கம் மட்டும் சிரித்தது, அந்தப் பாதியிலேயே பழைய போன் அக்கா முழுசாகத் தெரிந்தாள்.

"அப்ப செவ்வாய்க்கிழமை இதே நேரம்தான். இன்னிக்கு மிச்சம் இருக்கிறதை முடிச்சுடலாமா?" என்றார் டீச்சர். குடைப் படம் திரும்பவும் வந்தது.

"கு…" என்று ஆரம்பித்தாள் அக்கா.

டாக்டர் எழுந்தார். நாற்காலியையும் கையோடு தூக்கிக்கொண்டார். இந்தத் தடவை வெளியே போய் நின்று கதவைச் சாத்தினார்.