உப்புக்கு மட்டும் கையுறை

சாமியம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மேசைக்கடியில் சுருண்டபோது, ஓடிவந்த முதலாளி செங்குட்டுவன் முதலில் பார்த்தது மேசைமேல் இருந்த தாள் அடுக்கைத்தான்.

"வாந்தி கீந்தி பட்டுச்சா? நாளைக்கு அனுப்ப வேண்டிய லாட்டு அது" என்றார்.

பக்கத்தில் தாள் வெட்டிக்கொண்டிருந்த நூர் நிஷாவுக்குக் காது மடல் சுட்டது. சாமியம்மாளைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றினாள்.

நெய்வேலி நகரியத்திலிருந்து வடலூர் போகும் சாலையில் இருந்தது அந்தத் தகரக் கொட்டகை. ஒரு வெள்ளை உப்பைத் தண்ணீரில் கரைத்து, வடிதாளை அதில் நனைத்து உலர்த்தி, விரல் அகலத்துக்கு வெட்டிப் பெட்டியில் அடுக்க வேண்டும். சாக்கடைக் குழியில் அழுகிய முட்டை நாற்றமடிக்கும் விஷவாயு இருந்தால் அந்தத் தாள் கறுத்துக் காட்டிவிடும். இறங்க இருந்தவன் தப்பித்துக்கொள்வான். ஊசி ஊசியான படிகம். ஜாடியைத் திறந்தால் லேசாகக் காடி வாசனை. காய்ந்த தாளை வெட்டும்போது கிளம்பும் தூசி உதட்டில் இனித்தது. அங்கே வேலை செய்த ஆறு பெண்களும் அதைச் 'சக்கரை' என்றுதான் சொன்னார்கள்.

தலைக்கு உறை கட்டாயம், முடி விழுந்தால் உப்பின் சுத்தம் போய்விடும். கையுறை கட்டாயம், வியர்வை பட்டால் தாளில் கறை. மூக்குக்கு மட்டும் எதுவும் கிடையாது. மூச்சு உப்பைக் கெடுக்காது.

ஆஸ்பத்திரியில் இருந்த இளம் டாக்டரம்மா, சாமியம்மாளின் ஈறில் ஓடிய கருநீலக் கோட்டைப் பார்த்துவிட்டு, என்ன வேலை என்று கேட்டார். ரத்தம் சென்னைக்குப் போய், ஐந்தாம் நாள் முடிவு வந்தது.

"ரத்தத்துல ஈயம் அறுபத்தெட்டு இருக்கும்மா! அஞ்சைத் தாண்டினாலே நாங்க கவலைப்படுவோம்."

மறுநாள் காலை நூர் நிஷா கொட்டகையின் ஸ்டோர் அறைக்குள் போய், ஜாடியின் லேபிளுக்கு நேராக செல்போனைப் பிடித்தாள். ஆங்கிலம் தமிழாக மாறியது. 'முன்னணி அசிடேட்' என்றது போன். ஆங்கிலத்தில் 'லெட்' என்றால் ஈயம் என்று அதற்குத் தெரியவில்லை, 'லீட்' என்று படித்துவிட்டது. சுத்தம் தொண்ணூற்றொன்பது புள்ளி ஒன்பது. அதற்குக் கீழே, 'கருவிலுள்ள குழந்தைக்குச் சேதம் விளைவிக்கலாம்.'

மூன்று முறை படித்தாள். இரண்டு வருஷத்துக்கு முன்பு அவளுக்கு நாலாம் மாதத்தில் கரு கலைந்தது. 'வண்டியில போவாதன்னு சொன்னனே, கேட்டியா?' என்று மாமியார் முகம் கொடுத்தே பேசவில்லை. அவளும் அதை நம்பி, அன்றிலிருந்து சைக்கிளைத் தொடாமல் நடந்தே வந்துகொண்டிருந்தாள். இந்த உப்புதான் காரணம் என்று எந்த டாக்டரும் எழுதித் தரப்போவதில்லை. ஆனால் இந்த வரி அன்றைக்கும் இங்கேதான் ஒட்டியிருந்தது.

ஜாடியோடு முதலாளி முன்னால் போய் நின்றாள்.

"இதுல என்ன எழுதியிருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா சார்?"

"அது ரூல்ஸுக்காக ஒட்டுறதும்மா. சோத்து உப்பக்கூட அள்ளித் தின்னா கெடுதிதான்."

"நாங்க திங்கல. மூக்கால இழுத்துகினு கெடக்கோம். எங்ககூட தாள் வெட்டுற எழில்மதி அஞ்சு மாசம் முழுகாம இருக்கா. அவகிட்ட சொன்னீங்களா?"

"கத்தாத. இனிமே பொம்பளைங்களே வேணாம், ஆம்பளைங்கள வச்சிக்கிறேன். பிரச்சினை தீந்துச்சா?"

"ஆம்பளைக்கு ரத்தம் ஓடலியா?"

அவர் போனை எடுத்தார். நூர் நிஷா வெட்டும் மேசைக்கு விறுவிறுவென்று போனாள். கையுறையைக் கழற்றி எறிந்தாள். காய்ந்த தாள் அடுக்கின் மேல் காறித் துப்பினாள்.

"அய்யோ, லாட்டு!" சாமியம்மாளுக்காக ஒரு துளியும் மாறாத முதலாளியின் முகம் இப்போது வெளுத்துப்போயிருந்தது.

"எழில், எந்திரி. வூட்டுக்குப் போ" என்றாள் நூர் நிஷா.

கடலூருக்குப் போய்த் தொழிற்சாலை ஆய்வாளரிடம் ரத்தப் பரிசோதனைத் தாளையும் லேபிள் படத்தையும் கொடுத்தாள். பத்தாம் நாள் கொட்டகைக்குச் சீல் வைத்தார்கள்.

அன்று சாயங்காலமே அவளோடு வேலை செய்த தமயந்தி வாசலில் வந்து நின்றாள். "ஆளுக்கு ஒரு மாஸ்க் கேட்டிருந்தா போதாதாடி? எல்லார் பொழப்பையும் இழுத்துச் சாத்திட்டியே."

"மொதல்ல போயி ரத்தம் குடுத்துட்டு வா. அப்பறமா என்னைப் பேசு!" கதவை அறைந்து சாத்தினாள். அவளைத் திட்டி என்ன ஆகப்போகிறது என்று தெரிந்தும் கோபம் அடங்கவில்லை.

ஒரு வாரம் கழித்துத் தமயந்தி மறுபடி வந்தாள். கையில் அவளுடைய ரத்தப் பரிசோதனைத் தாள். நாற்பத்தொன்று.

"சாமியம்மா அக்காவப் பாத்துட்டு வரேன். வயித்துவலி கொறஞ்சிருக்கு. மணிக்கட்டுதான் நிக்கல, டம்ளரத் தூக்க முடியல" என்றாள். தாளை மடித்துக்கொண்டே, "அந்த மொதலாளி குறிஞ்சிப்பாடிப் பக்கம் வேற கொட்டகை பாத்திருக்கானாம். பொம்பளையாளு எடுத்துகினு இருக்கானாம்" என்றாள்.

நூர் நிஷா துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டு வெளியே வந்தாள்.

"குறிஞ்சிப்பாடிக்கு அடுத்த பஸ்ஸு எத்தினி மணிக்கு? அந்தத் தாளையும் எடுத்துகினு வா."