திரும்பப் போன திருத்தம்

ஷஃபீனாவின் திருத்தம் கெர்னலில் சேர்ந்த அன்று அவளுடைய உம்மா அஜீசுன்னிசா பாயசம் காய்ச்சி அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தார். என்ன விசேஷம் என்று கேட்டவர்களிடம், "மவ எழுதுனது உலகத்துல உள்ள கம்ப்யூட்டருக்கெல்லாம் போவப் போவுதாம்" என்றார்.

கணினியின் அடியில் இருந்து எல்லாவற்றையும் இயக்குவது கெர்னல். பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து எழுதுவது. காரைக்காலில் வீட்டிலிருந்தபடியே ஒரு சென்னை நிறுவனத்துக்கு வேலை பார்த்த ஷஃபீனா, ஓய்வு நேரத்தில் அதில் ஃபைல்களைப் படிக்கும் பகுதியை எடுத்துக்கொண்டாள். ஒரே வேலையை நான்கு இடங்களில் நான்கு விதமாக எழுதியிருந்தார்கள். ஓரிடத்தில் பிழையைத் திருத்தினால் மற்ற இடங்களில் அது அப்படியே கிடந்தது. நான்கையும் ஒன்றாக்கினாள். பொறுப்பாளர்கள் கேள்விமேல் கேள்வி கேட்க, மாற்றி மாற்றி எழுதி, அவர்களை ஒப்புக்கொள்ள வைப்பதற்குள் ஒரு வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது.

மழைக்காலத்தில் முதல் புகார் வந்தது. பினாங்கிலிருந்து ராஜ்மோகன் என்பவர் எழுதியிருந்தார். புதிய கெர்னல் ஓடும் கணினியில், இறந்துபோன மகளின் பாட்டுப் பதிவுகளைப் பழைய டிஸ்க்கிலிருந்து புதியதற்கு மாற்றியிருக்கிறார். பழையதை அழித்து யாருக்கோ கொடுத்தும்விட்டார். இப்போது ஒவ்வொரு பாட்டும் முடிவதற்கு முன்பே மௌனமாகிவிடுகிறது.

ஷஃபீனா அன்று சாயங்காலமே காரணத்தைக் கண்டுபிடித்தாள். டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கும் பழைய முறை ஒன்றில், படித்த பிறகு ஃபைலின் நீளத்தை மறுபடி கேட்க வேண்டும்; இல்லாவிட்டால் கடைசிப் பகுதி காலியாக வரும். அந்த ஒரு வரி நான்காவது இடத்தில் மட்டும் இருந்தது. தேவையில்லை என்று நினைத்து அவள்தான் எடுத்திருந்தாள்.

தோஹாவிலிருந்து கணவன் அஸ்கர் வீடியோவில் வந்தான்.

"அந்த வரிய திரும்பப் போட்டா சரியாயிடும்ல?"

"ஆயிடும் மச்சான். ஆனா பொறுப்பாளருங்க வேணாங்குறாங்க. அந்தப் பழைய முறை தெரிஞ்சவங்க இப்ப யாருமே இல்லையாம். வேற எங்க என்ன கெட்டிருக்குன்னு யாரு பாக்குறதுன்னு கேக்குறாங்க. மொத்தத்தையும் எடுக்கச் சொல்லிட்டாங்க. நானே எடுக்கணுமாம்."

"பாத்தவங்க அத்தன பேரும்தானே சரின்னாங்க?"

"எழுதுனது நான்தானே."

அவன், "சாப்பிட்டியா?" என்று கேட்டான்.

மறுநாள் திருத்தத்தை நீக்கி அனுப்பினாள். தேநீர் குடித்துவிட்டு வருவதற்குள் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பழைய நான்கும் அவற்றின் பிழைகளோடு மீண்டும் இடத்துக்கு வந்தன.

ராஜ்மோகனுக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினாள். கோபமான பதிலை எதிர்பார்த்தாள். அவரோ மரியாதையாக ஒன்று மட்டும் கேட்டிருந்தார்: "இது உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும் என்கிறார்கள். அந்த மிச்சப் பாட்டு எங்கேயாவது இருக்குமா? எவ்வளவு காலம் ஆனாலும் காத்திருக்கிறேன்."

எங்கும் இல்லை. காலியாகப் படித்ததைத்தான் கணினி புதிய டிஸ்க்கில் எழுதியிருந்தது.

"இல்லை" என்று தட்டினாள். அதற்கு அடுத்து எழுதிய வரிகளை அழித்தாள்.

"சோறு ஆறிப் போவுது, வாம்மா" என்று உம்மா உள்ளேயிருந்து கூப்பிட்டார்.

"நீங்க சாப்பிடுங்க உம்மா" என்றாள் ஷஃபீனா. அந்த ஒற்றைச் சொல்லையே அனுப்பினாள்.