ஒரு பொண்ணுதான்

ஆடி முடிந்த கையோடு வாலாஜாபாத்திலிருந்து சாமான்களை ஏற்றிக்கொண்டு பிள்ளையார்பாளையத்தில் வந்திறங்கினார்கள். பால் காய்ச்சிய மறுநாளே உதயகுமார் கிளம்பிவிட்டான். கல்யாணச் சமையல்காரன் வேறென்ன செய்வான்? ஆவணி முகூர்த்தம் ஒன்றையும் விட முடியாது. ஊருக்கெல்லாம் பந்தி வைக்கிறவனின் பெண்டாட்டியும் மகளும் பிரிக்காத மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து ரசஞ்சோறு தின்றார்கள்.

புதுத் தெருவில் பெண்கள் கேட்கிற முதல் கேள்வி இருக்கிறதே, அதிலிருந்து யார் தப்பிக்க முடியும்? எதிர்வீட்டுச் சங்கரி குழாயடியிலேயே கேட்டுவிட்டாள்.

"உனுக்கு எத்தினி பசங்கமா?"

"ஒரு பொண்ணுதாங்க," என்றாள் கலைவாணி.

சொன்ன வாய் கசந்தது. பங்குனியில் காய்ச்சல் கண்டு போன கைக்குழந்தையை ஒரே வார்த்தையில் பிறக்காமலே ஆக்கிவிட்டாள். பழைய தெருவில் அவள் தலையைக் கண்டாலே பேச்சு நின்றுவிடும், கூடவே ஒரு 'ஐயோ பாவம்' வரும். அதற்குப் பயந்துதானே வீட்டையே மாற்றினார்கள்? மகள் சிந்துஜாவிடமும், "தம்பியப் பத்தி இங்க யாராண்டயும் பேசக்கூடாது" என்று கண்டித்து வைத்திருந்தாள். குழந்தை ஏனென்று கேட்கவில்லை. தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டது.

சங்கரியின் மருமகள் ஏலவார்குழலி வயிற்றைத் தூக்கிக்கொண்டு தினமும் வருவாள். பல வருஷம் கோயில் கோயிலாகச் சுற்றிய பிறகு தங்கிய கரு அது. அவள் வந்து உட்கார்ந்தால்தான் கலைவாணியின் வீட்டில் சிரிப்புச் சத்தமே கேட்கும். ஒருநாள் குங்குமச் சிமிழோடு வந்தாள்.

"வெள்ளிக்கிழம வளைகாப்புக்கா. நீங்க கண்டிப்பா வந்து வளையல் போடணும்."

கலைவாணி குங்குமத்தை எடுத்து இட்டுக்கொண்டாள். பிள்ளையைப் பறிகொடுத்தவளை வளையல் போட விடுவார்களா? மறைத்துப் போட்டு, நாளைக்கு அந்தப் பெண்ணுக்கு ஏதாவது ஒன்று ஆகிவிட்டால்? உண்மையைச் சொன்னாலோ, இந்த ஊரில் கிடைத்த ஒரே சிநேகமும் போய்விடும். புருஷனுக்குப் போன் போட்டாள். பின்னால் பாத்திரங்கள் உருண்டுகொண்டிருந்தன.

"ஒண்ணுன்னு சொல்லிட்ட இல்ல, அப்பிடியே இருந்துட்டுப் போவட்டும். யாருக்குத் தெரியப்போவுது? வெச்சிடுறேன்மா, பந்திக்கு நேரமாச்சு."

வைத்துவிட்டான். அவனுக்கென்ன, அண்டா அண்டாவாகக் கிளறித் துக்கத்தை மறந்துவிடலாம்! கலைவாணிக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

வெள்ளிக்கிழமை கூடம் நிறையப் பெண்கள். கலைவாணியின் முறை வந்தது. சங்கரி இரண்டு கண்ணாடி வளையல்களை எடுத்துக் கொடுத்தாள். ஏலவார்குழலி சிரித்துக்கொண்டே கையை நீட்டினாள். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு மறைக்க மனசு வரவில்லை.

"எனக்கு இன்னொரு புள்ள இருந்துச்சுங்க. பங்குனியில போயிட்டான். உங்களாண்ட பொய் சொல்லிட்டேன். நான் போடக்கூடாது."

யாரோ ஒருத்தி 'அடி பாவி' என்று முணுமுணுத்தது தெளிவாகக் கேட்டது. சங்கரி வளையல்களை அவள் கையிலிருந்து வாங்கித் தட்டில் வைத்தாள். கலைவாணி எழுந்திருக்கப் போனாள்.

"குந்து," என்றாள் சங்கரி. "பேரு இன்னா வெச்சீங்க?"

பிள்ளை போன நாளிலிருந்து இதை ஒருவரும் கேட்டதில்லை. வீட்டிலும் அந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை. கலைவாணி வாயைத் திறந்தாள். திறந்த வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

மூலையில் எலுமிச்சைச் சோறு தின்றுகொண்டிருந்த சிந்துஜா அம்மாவையே பார்த்தாள். திட்டு விழுமோ என்று கொஞ்சம் தயங்கினாள். பிறகு கையில் பருக்கையோடு எழுந்து நின்றாள்.

"நித்திலன். என் தம்பி. சிரிச்சா கன்னத்துல குழி வுழும்."

சங்கரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தட்டிலிருந்த வளையல்களை எடுத்துக் கலைவாணியின் கையிலேயே திரும்ப வைத்தாள்.

"நித்திலன் அம்மா," என்றாள், "என் மருமவளுக்குப் போட்டு வுடுமா."