எதிர்த்திசையில் காலி இருக்கை

பாட்டில் ஆலைகளில் மெஷின் பூட்டிக் கொடுக்கிற ஃபிட்டர் அவர். பதினாறு வருஷம் நாடு நாடாகப் பறந்ததில், ஒரே விமான கம்பெனியில் பாயிண்டுகள் மலைபோலச் சேர்ந்திருந்தன. எல்லாம் சாதா சீட்டில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து சேர்த்தவை.

"ஒருநாள் நாம ரெண்டு பேரும் முன் கேபின்ல காலை நீட்டிப் படுத்துக்கிட்டுப் போவோம் பாரு" என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டே இருப்பார். மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வீட்டில் இவரும் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். "முதல்ல வீட்டுல ஒரு வாரம் சேர்ந்தாப்ல படுங்க" என்பார் டீச்சர்.

கடைசியில் ஃபிட்டர் படுத்தே விட்டார். ஆனால் வீட்டில் இல்லை, வேற்று நாட்டில், கம்பெனி பிடித்துக் கொடுத்த மூன்றாம் மாடி அறையில். மோட்டாரைத் தூக்கும்போது இடுப்பில் சுளீரென்றது, அதோடு சரி. முதுகுத்தண்டில் வட்டு விலகியிருப்பதாக டாக்டர் சொன்னார். நிற்கலாம், படுக்கலாம், உட்காரவே கூடாது. ஊருக்குப் போவதானால் படுத்தபடிதான் போக வேண்டும். பத்து மணி நேரப் பயணம். கம்பெனி மேனேஜரோ சாதா டிக்கெட்டையே மூன்று தடவை அனுப்பி வைத்தார். "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க சார்."

பாயிண்டுகள்தான் இருக்கின்றனவே என்று ஃபிட்டர் லேப்டாப்பை வயிற்றின் மேல் நிறுத்தித் தேட ஆரம்பித்தார். விமான கம்பெனியின் காலண்டரில் சீட் இருக்கிற நாள் பச்சை, இல்லாத நாள் சாம்பல். எந்த மாதத்தைத் திறந்தாலும் சாம்பல்தான். வேறு ஊர் சுற்றிப் போனாலும் சாம்பல். போன் செய்தால் முக்கால் மணி நேரம் ஒரே பாட்டு, அப்புறம் ஒரு பெண் குரல்: "பாயிண்டுக்குன்னு ஒதுக்கின சீட் எல்லாம் முடிஞ்சுது சார். தினமும் பாத்துக்கிட்டே இருங்க."

தினமும் பார்த்தார். கட்டிலிலிருந்து குளியலறைக்குப் பதினோரு அடி. ஜன்னலில் எதிர்க்கட்டடத்தின் பின்சுவர். சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள். குனிந்து எடுக்க முடியாது, காலால் உள்ளே தள்ளி, அலமாரியைப் பிடித்துக்கொண்டு மண்டிபோட வேண்டும். பத்தொன்பது நாள் இப்படியே போயிற்று. கதவு திறந்துதான் இருந்தது, போகத்தான் வழியில்லை.

இருபதாம் நாள் காலையில் காலண்டர் முழுக்கப் பச்சை. அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. டீச்சருக்குப் படம் எடுத்து அனுப்பிவிட்டு உடனே போன் செய்தார்.

"கிடைச்சிருச்சு டீச்சர்! நாளைக்கே இருக்கு, நாளன்னைக்கும் இருக்கு!"

டீச்சர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "என்னங்க, புறப்படுற இடம்னு நம்ம ஊரைப் போட்டிருக்கீங்க."

மாற்றிப் போட்டிருக்கிறார். அங்கிருந்து இங்கே வர எத்தனை சீட் வேண்டுமானாலும் உண்டு. இங்கிருந்து போகத்தான் ஒன்றும் இல்லை. ஃபிட்டர் லேப்டாப்பைப் பக்கத்தில் சரித்தார். அழுகிறோம் என்பதே காதுக்குள் ஈரம் இறங்கியபோதுதான் தெரிந்தது.

"அழாதீங்க" என்றார் டீச்சர். "நான் வரேன்."

"பைத்தியமா? வந்தா பாயிண்ட்ல பாதி போயிரும். மிச்சம் ஒரு சீட்டுக்குத்தான் வரும்."

"படுத்துட்டு வர வேண்டியது ஒரு ஆள்தானே? நான் உக்காந்து வந்துக்கறேன்."

"நீ மட்டும் இப்ப சாதா சீட்ல வரலாமில்ல?"

"அதுல நாலு நாளைக்கு இடமில்ல, பாத்துட்டேன். பரீட்சை பேப்பர் திருத்தி முடிச்சாச்சு. நாளைக்கு சீட்டைப் போடுங்க. பேசாம போடுங்க."

மறுநாள் மாலை டீச்சர் வந்துவிட்டார். ஃபிட்டர் கேட்ட முதல் கேள்வி: "சீட் படுக்கையாச்சா?"

"ஆச்சு. பட்டனை அழுத்தினா நீளமா விரியுது. நீங்க இங்க கிடக்கறப்ப நான் அதுல எங்க தூங்கறது?" என்றபடி சாப்பாட்டுத் தட்டைத் தரையிலிருந்து எடுத்தார்.

அதற்குப் பிறகு அறையில் அடைபட்டது இரண்டு பேர். முதல் இரண்டு நாள் நன்றாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் ஃபேன் வேகத்துக்குச் சண்டை. நாலாம் நாள், "உங்களுக்குப் பாயிண்ட் பாயிண்ட்னு கிறுக்கு. அதுக்காகவே இந்த ஊர் வேலைக்கெல்லாம் தலையாட்டினீங்க" என்றார் டீச்சர். ஃபிட்டர் சுவர்ப்பக்கம் திரும்பக்கூட முடியாமல் கூரையைப் பார்த்துக்கொண்டு, "ஆமா" என்றார்.

அப்புறம் டீச்சர் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். எந்த நாள், எத்தனை மணிக்குப் பார்த்தது, என்ன நிறம் என்று ஒரு தாளில் கோடு போட்டு எழுதினார். ஒரு வாரத்தில் பிடிபட்டது: விற்காமல் மிஞ்சுகிற சீட்டைப் புறப்பட மூன்று நாள் இருக்கும்போது, காலையில் திறக்கிறார்கள்; பத்து நிமிஷத்தில் போய்விடுகிறது. இரண்டு தடவை பெயர் அடிக்கும்போதே பறிபோனது. மூன்றாம் தடவை டீச்சர் அடித்த வேகத்தில் கிடைத்தது. ஒரே சீட். அதே விமானத்தில், வால் பக்கம், கழிப்பறையை ஒட்டித் தனக்குச் சாதா சீட் ஒன்றும் எடுத்துக்கொண்டார்.

விமானத்தில், ஏறி இறங்கும் அந்தக் கொஞ்ச நேரம் தவிர, ஃபிட்டர் நீளமாகப் படுத்திருந்தார். பதினாறு வருஷம் ஆசைப்பட்ட இடம். பணிப்பெண்ணைக் கூப்பிட்டு, "பின்னாடி என் வீட்டுக்காரம்மா இருக்காங்க, இங்க வந்து பாக்கலாமா?" என்று கேட்டார்.

"மன்னிக்கணும் சார். திரைக்கு இந்தப் பக்கம் விட மாட்டாங்க."

வால் பக்கம் வரை அவ்வளவு தூரம் நடந்து போக அவராலும் முடியாது. பத்து மணி நேரம் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கியதும் சக்கர நாற்காலிக்காரர் வந்தார். உட்காரக் கூடாதென்று ஃபிட்டர் அதன் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றுகொண்டே காத்திருந்தார். கடைசி ஆளாக, வீங்கிய காலோடு நடந்து வந்தார் டீச்சர்.

"நீ உக்காரு" என்றார் ஃபிட்டர்.