கடைசிப் பெட்டி

ஐந்தாவது அடுப்பை என் கணவன் நார்வல் கொட்டகையில் வைக்கவில்லை. மற்ற நான்கும் சேகரிப்புதான். துரு நீக்கி, கறுப்பு மெருகு பூசிப் பார்த்துக்கொண்டிருப்பான். இது அவன் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்த சரக்கு ரயிலில், ஊழியர்கள் தங்கும் கடைசிப் பெட்டியில் இருந்தது. சமையலறைத் தரையைத் துளைத்து, நான்கு போல்ட் போட்டு இறுக்கினான்.

"வீடு எங்கயும் ஓடப்போறதில்ல. எதுக்கு போல்ட்?"

"ரயில் அடுப்பு, ஆர்லிஸ். இறுக்கலேன்னா அதுக்குத் தூக்கம் வராது."

சிரித்தேன். அப்போது சிரிக்க முடிந்தது.

ஒரு காலை, காபி ஊற்றும்போது, "பிடிச்சுக்கோ" என்றான். வண்டி வேகம் மாறினால் குலுக்கல் நூறு பெட்டிகளைத் தாண்டிக் கடைசிக்கு வந்து சேரும். அதன் சத்தம் நெருங்கும்போது உள்ளே இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது அது. பழக்கம் விடவில்லை என்று நினைத்தேன். அடுப்பின் மேல் கெட்டில் தானாக நகர்ந்து, விளிம்புக் கம்பியில் இடித்து நின்றது.

அன்று முதல் அவன் அடுப்பருகிலேயே உட்கார்ந்திருந்தான். ஜன்னலுக்கு வெளியே எப்போதும் இருக்கும் கோதுமை வயல்தான்.

"மால்ட்டா ஸ்டேஷன் தாண்டியாச்சு" என்பான்.

"நீ எங்க போற, நார்வல்?"

"இங்கதானே இருக்கேன்."

முப்பத்தொரு வருடம் காத்திருந்து, அவன் ஓய்வு பெற்றபின் இரண்டே வருடம் எனக்குக் கிடைத்த மனிதன். மறுபடி அந்த ரயிலுக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை. அவன் கரி எடுக்கக் கொட்டகைக்குப் போனதும் ஸ்பேனரை எடுத்தேன். மூன்று போல்ட் சுலபமாக வந்தன. நான்காவதில் கை வைத்தபோது முற்றத்திலிருந்து அவன் குரல் கேட்டது.

"ஆர்லிஸ், அதை விட்டுடு. கழட்டினா பெட்டி தனியாப் போயிடும்."

"போகட்டும். அதுதான் எனக்கு வேணும்."

திருகினேன்.

எதுவும் அதிரவில்லை. ஜன்னல் வழியே பார்த்தேன். கரி வாளியோடு அவன் என்னைப் பார்த்து நின்றிருந்தான். காலை எடுத்து வைக்கவேயில்லை. ஆனால் சிறிதாகிக்கொண்டே போனான், கொட்டகையும் முற்றமும் அவனோடு.

பிடிச்சுக்கோ என்று பழைய கூட்டாளிகளிடம் சொல்கிறான் என்றே நினைத்திருந்தேன். இந்தச் சமையலறைப் பெட்டியில் வேறு யாரும் இருக்கவில்லை, என்னிடம்தான் சொல்லியிருக்கிறான்.

காலடியில் தரை மெல்ல மெல்ல வேகம் குறைந்தது. இத்தனை நாள் அது ஓடிக்கொண்டிருந்ததே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.