அன்னக்கொடி வீட்டுக்கு வந்த நிபுணர்கள்

சும்மா உட்கார்ந்தே அன்னக்கொடிக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. பூண்டுக்காட்டில் நாற்பது வருஷம் குனிந்த இடுப்பு. களையெடுத்தபோதும் மூட்டை சுமந்தபோதும் வலிக்காதது, மாட்டுக்கொட்டகையில் கவிழ்த்துப்போட்ட பிளாஸ்டிக் பெட்டிமேல் நாலு நாள் உட்கார்ந்ததில் வலித்தது. எதிரே அவள் வீடு வாயைப் பிளந்துகொண்டு நின்றது. உள்ளே முழங்கால் உயரத்துக்குச் சகதி.

மலையில் எங்கே வெள்ளம் வரும் என்று கீழே இருப்பவர்கள் கேட்பார்கள். மேலே ஓடுகிற ஓடையை மண்ணடித்து மூடி, ரிசார்ட்டுக்குக் கார் நிறுத்த இடம் கட்டி, 'இயற்கையின் மடியில்' என்று போர்டு மாட்டினால் தாராளமாக வரும். ஐப்பசி மழை ஒரே ராத்திரியில் அந்தக் கார் நிறுத்தத்தைப் பெயர்த்து, அட்டுவம்பட்டியில் அன்னக்கொடியின் அடுப்படியில் இறக்கிவிட்டுப் போனது. இயற்கைக்கு மடி அங்கேதான் இருந்தது போல.

மறுநாள் வெள்ளனே அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மண்வெட்டியை எடுத்தாள். அதற்குள் பெங்களூரிலிருந்து மகன் கோகுல்ராஜ் போனில் முகம் காட்டினான்.

"அம்மா, எதையும் தொடாத. புரொஃபஷனல்ஸ் புக் பண்ணிட்டேன்."

"அது யாருடா?"

"வெள்ளம் பூந்த வீட்டைச் சரிபண்றதுக்குன்னே ட்ரெய்னிங் எடுத்தவங்கம்மா. காயவச்சு, கிருமியைப் போக்கி, பழையபடி ஆக்கிக் குடுப்பாங்க. உள்ளூர் ஆளுகதான்."

"சேறு வாரவா ட்ரெய்னிங்கு?"

"உனக்குச் சொன்னாப் புரியாது. அப்பாட்ட குடு."

அப்பா திருமலைச்சாமிக்கு உடனே புரிந்தது. வேலை செய்ய வேண்டாம் என்பதை எந்தப் பாஷையில் சொன்னாலும் அவருக்குப் புரியும். அவள் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கிச் சுவரோரம் சாத்தினார். "பயதான் சொல்றான்ல. பேசாம உக்காரு."

அன்னக்கொடிக்கு வீட்டைவிடப் பரண் மேல்தான் கவலை. அடுப்புக்கு நேர்மேலே விதைப்பூண்டு கட்டுக்கட்டாகத் தொங்கியது. மலைப்பூண்டுக்குத் தினமும் புகை காட்டவேண்டும். அடுப்போ சகதிக்குள் கிடந்தது. ஈரம் ஏறிப் பூசணம் பிடித்தால் கார்த்திகையில் காட்டில் ஊன்ற ஒரு பல் தேறாது. இறக்கி வைக்கக் காய்ந்த இடமும் இல்லை, கொட்டகைக் கூரை நாலு பக்கமும் ஒழுகியது.

கம்பெனியிலிருந்து சௌம்யா என்ற பெண் பேசினாள். "மேம், அசெஸ்மெண்ட் முடியிற வரைக்கும் எதையும் மூவ் பண்ணாதீங்க. உள்ள ஃபயர் எதுவும் வேண்டாம்."

"அடுப்புப் பத்தவைக்கணும் தாயி. மேல பூண்டு கெடக்கு."

"கார்லிக்கா மேம்? லிஸ்ட்ல சேத்துடுறேன்."

பூண்டு லிஸ்டில் ஏறியது. பரணில் பூசணம் ஏறியது.

நாலாம் நாள் சாயங்காலம் மேஸ்திரி குமாரவேல் கூப்பிட்டான். கட்டட வேலைக்குப் பெண்ணாள் வேண்டும்போதெல்லாம் அன்னக்கொடியைத்தான் கூப்பிடுவான்.

"அக்கா, வெரசா ஒரு சோலி. நாளைக்கு நாலு பொம்பளையாளு வேணும். ஒரு வீட்டுல சேறு வாரணும். ஊன்றதுக்குக் காட்டைத் திருத்தப் போயிட்டாளுக, ஒருத்தியும் சிக்கல. நீங்க கூப்பிட்டா வருவாளுக."

"எந்த வீடுப்பா?"

"அட்டுவம்பட்டிதான். கோகுல்ராஜ்னு ஏதோ பெங்களூர்ப் பார்ட்டியாம்."

அன்னக்கொடி போனைப் பார்த்தாள். வீட்டைப் பார்த்தாள்.

"அந்தப் பார்ட்டி நான் பெத்ததுதான்யா."

குமாரவேல் தொண்டையைச் செருமினான். "நல்லதாப் போச்சுங்க்கா. வழி கேக்க வேண்டியதில்ல."

நடந்தது இதுதான். மகன் கம்பெனிக்குச் சொன்னான். கம்பெனி மதுரைக்காரனுக்குச் சொன்னது, மதுரைக்காரன் வத்தலக்குண்டுக்காரனுக்கு, வத்தலக்குண்டுக்காரன் குமாரவேலுக்கு. வழியில் ஆளாளுக்கு ஒரு கை அள்ளிக்கொண்டதில், மலையேறி வந்த வேலைக்கு ட்ரெய்னிங்கும் மிஞ்சவில்லை, கூலியும் மிஞ்சவில்லை. கம்பெனி பணம் வந்தபிறகு பார்க்கலாம் என்றான் குமாரவேல்.

அந்தப் பேச்சை நம்பி எவளும் வரமாட்டாள். அன்னக்கொடி ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்கிற மாத்தாள் கேட்டாள். இவள் காட்டுக்கு அவள் ஒரு நாள் வந்தால், அவள் காட்டுக்கு இவள் ஒரு நாள் போகவேண்டும். அங்கே காசு செல்லாது. உடம்பால் வாங்கியதை உடம்பால்தான் கழிக்கவேண்டும். ராஜகுமாரி, லீலா, தேவசேனா மூவரும் தங்கள் காட்டு வேலையை விட்டுவிட்டு வந்தார்கள்.

காலையில் குமாரவேல் மஞ்சள் டி-ஷர்ட்டும் ஹெல்மெட்டும் மாஸ்க்கும் கொடுத்தான். சேலைக்கு மேலே மாட்டிக்கொண்டார்கள்.

"மதினி," என்றாள் லீலா, "உன் வீட்டுக்கே கூலிக்கு வந்திருக்க. வாசல்ல செருப்பைக் கழட்டணுமா, வேணாமா?"

"இரு, வீட்டுக்காரம்மாளைக் கேட்டுச் சொல்றேன்."

"அந்தம்மா ரொம்பக் கெடுபிடின்னு கேள்வி," என்றாள் ராஜகுமாரி. "ஒருவாய் காப்பியாச்சும் தருமா?"

"அடுப்பு தெரியிற வரைக்கும் வாரு. தரும்."

திருமலைச்சாமி எட்டிப் பார்த்தார். குமாரவேல் கையைக் காட்டினான். "கஸ்டமர் கொஞ்சம் தள்ளி நில்லுங்க. போட்டோவுல விழுறீங்க." அவர் மரியாதையாகத் தள்ளி நின்றார். கஸ்டமர் வேலை அவருக்குப் பொருந்தியிருந்தது.

சட்டி சட்டியாகச் சகதி வெளியேறியது. குமாரவேல் வாரும் முன் ஒன்று, வாரும்போது ஒன்று, வாரியபின் ஒன்று என்று படம் பிடித்தான். "அக்கா, சிரிக்காதீங்க. மாஸ்க் போட்டும் கண்ணு சிரிக்குது."

உச்சிப்பொழுது சாய அடுப்பு தெரிந்தது. அன்னக்கொடி கற்களைக் கழுவி, சுள்ளி வைத்து, தீ மூட்டினாள்.

"அக்கா, ஃபயர் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க!"

"போட்டோ எடுத்துட்டேல்ல? நகரு."

புகை பரணைத் தொட்டது. அவள் ஏறிப் பூண்டுக் கட்டுகளைத் தடவிப் பார்த்தாள். பாதி கட்டு கல்லாக நின்றது. பாதி விரலுக்குள் குழைந்தது. நாலு நாள் முன்னால் இதே நாலு பேர் வாரியிருந்தால் முழுசும் நின்றிருக்கும். அழுகியதைக் குப்பைக்குழியில் கொட்டினாள்.

சாயங்காலம் மகன் போனில் வந்தான், முகமெல்லாம் பல்.

"பாத்தியாம்மா! போட்டோ வந்துருச்சு. என்னா வேலை! முன்னாடி ஒரு அம்மா நிக்கிதே, சட்டியோட, அவங்களுக்குத் தனியா அஞ்சு ஸ்டார் குடுத்தேன். இந்த வயசுல உன்னால ஆகுமா சொல்லு?"

அன்னக்கொடி பக்கத்தில் கிடந்த ஹெல்மெட்டைத் தலையில் கவிழ்த்தாள். மாஸ்க்கை மாட்டினாள். போனை நேராகப் பிடித்தாள்.

கோகுல்ராஜின் பல் ஒவ்வொன்றாக மறைந்தது.

"அம்மா..."

"ஏலே, ஸ்டாரைக் காட்டுலயா ஊன்றது? பாதி வெதை போச்சுடா."

"எவ்வளவுன்னு சொல்லும்மா. இப்பவே அனுப்புறேன்."

"காசு ஒங்கம்பெனிக்கு அனுப்பு. நான் மாத்தாளு வாங்கியிருக்கேன், மூணு பேருகிட்ட. நீ கூப்பிட்ட வேலை, நீதான் கழிக்கணும். கார்த்திகையில வந்து குனி."

"லீவு கெடைக்காதும்மா." கொஞ்சம் யோசித்தான். "வேணும்னா அதுக்கும் ஆளு புக் பண்ணவா?"

பின்னால் அடுப்போரம் காப்பி குடித்துக்கொண்டிருந்த மூவரும் சிரித்த சிரிப்பில் டம்ளர் தளும்பியது. அன்னக்கொடி சிரிக்கவில்லை, போனை வைத்தாள்.

கார்த்திகை வந்தது. இருந்த விதைக்குப் பாதிக் காடு ஊன்றினாள். மீதிக் காடு சும்மா கிடக்கிறது. ராஜகுமாரிக்கு ஒரு நாள், லீலாவுக்கு ஒரு நாள், தேவசேனாவுக்கு ஒரு நாள்: கோகுல்ராஜ் வந்து கழிக்கவேண்டிய மூன்று நாள் வேலை இன்னும் பாக்கி.